சின்ன வேலைக்கு எந்தத் தூசி உறிஞ்சி: கையில் தூக்குவதா, உருட்டிப் போவதா, வாளிச் சுழலா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் வீட்டு வேலை எடுத்துச் செய்யும் நம்மவர்களுக்குத் தீபாவளிக்கு முன்னும், டிசம்பர் நடுவில் கட்டட வேலைகள் விடுமுறைக்கு மூடும் முன்னும் வருவதெல்லாம் சில்லறை வேலைகள்தான். டிவி மாட்ட நாலு துளை. சாமி அறையில் ஒரு தட்டு. மழையில் ஊதிப்போன மெராண்டி மரக் கதவைத் தேய்த்து வார்னிஷ் அடிப்பது. சமையலறை அலமாரிக்கு ஒரு பக்கப் பலகையை அறுத்துச் சேர்ப்பது. ஒவ்வொன்றும் அரை நாள் வேலை, ஆனால் எல்லாம் ஆட்கள் குடியிருக்கும் வீட்டுக்குள் நடக்கும் வேலை. பாயும் சோபாவும் சமைத்த சோறும் பக்கத்திலேயே இருக்கும்.

இதற்குத் தூசி உறிஞ்சி வாங்க நினைப்பவர் முன் நாலு வழி உண்டு. கருவிப்பெட்டி அளவிலான சின்ன உறிஞ்சி, அதே உருவத்தில் பேட்டரியில் ஓடுவது, சக்கரம் வைத்த பெரியது, சாதாரணப் பட்டறை வேக்யூமோடு வாளியில் பொருத்திய சுழல் பிரிப்பான். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு வீடாகப் போகிறவர் முதலில் வாங்க வேண்டியது மின்கம்பியில் ஓடும் சின்ன உறிஞ்சி. வீட்டு கராஜிலேயே பலகை அறுப்பவருக்கு அது பணத்துக்குக் கேடு. அவர் வாளிச் சுழலுக்குப் போகட்டும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். செங்கல் சுவரில் 8 மில்லிமீட்டர் துளை, 50 மில்லி ஆழம் என்றால் வெளியே வருவது இரண்டரை கன சென்டிமீட்டர் தூள். நாலு துளையும் சேர்ந்தால் ஒரு மேசைக்கரண்டியை ஒட்டி வரும். எடையில் 20 கிராம்கூட இருக்காது. கதவுக்கு வருவோம். இங்கே வழக்கமான கதவு 813 மில்லி அகலம், 2032 மில்லி உயரம். இரண்டு பக்கமும் பத்தில் ஒரு மில்லி கனம் தேய்த்து எடுத்தால் கெட்டியாக 330 கன சென்டிமீட்டர். தூளானதும் நாலு மடங்கு ஊதி ஒன்றேகால், ஒன்றரை லிட்டர் ஆகும். சின்ன உறிஞ்சியின் பை மூன்றரை லிட்டர் பிடிக்கும் என்று வைத்தால் இரண்டு கதவு தாராளமாக முடியும்.

பலகை அறுக்கும்போது கணக்கு தலைகீழாகிறது. இங்கே கடையில் கிடைக்கும் 16 மில்லி மெலமைன் பலகையின் முழு நீளம் 2750 மில்லி. 3 மில்லி வெட்டுத் தடத்தோடு அதை ஒருமுறை நீளவாட்டில் அறுத்தால் 132 கன சென்டிமீட்டர் மரம் தூளாகிறது. ஊதிய பிறகு அரை லிட்டருக்கு மேல். அதாவது ஆறு வெட்டுக்கு ஒரு பை. ஒரு சமையலறைக்குப் பலகை அறுப்பவருக்குக் காலையிலேயே இரண்டு பை தீர்ந்துவிடும். மரத்தில் பள்ளம் எடுக்கும் ரூட்டரும் மின் இழைப்புளியும் இன்னும் மோசம். இழைப்புளியின் சீவல் குழாயின் முழங்கையிலேயே பந்தாக அடைத்துக்கொள்ளும்.

ரைனோலைட் என்ற ஜிப்சம் பூச்சு பூசிய சுவரைத் தேய்ப்பவர்கள் இந்தச் சின்ன இயந்திரத்தை நம்பி இறங்கவே கூடாது. 16 சதுர மீட்டர் சுவரில் கால் மில்லி தேய்த்தால் கெட்டியாகவே 4 லிட்டர் தூள் வரும். அதுவும் மாவைவிட நைசான ஜிப்சம். பை நிறைவதற்கு முன்பே அதன் துணித் துவாரங்கள் அடைபட்டு உறிஞ்சல் செத்துப்போகும்.

ஆக, தூசி ஒரு பைக்குள் அடங்கும் வேலைக்குச் சின்னது, பை பையாக வரும் வேலைக்கு மற்றவை.

சின்ன உறிஞ்சி ஏன் முதலிடம் பெறுகிறது

இந்த வகையில் பலருக்கும் தெரிந்தது ஃபெஸ்டூலின் சிடி சிஸ். எடை 7 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, 1000 வாட் மோட்டார், மூன்றரை லிட்டர் பை. தோள்வார் போட்டு மாட்டிக்கொள்ளலாம். வேறு கம்பெனிகளிடமும் இதே அளவில் உண்டு. ஒரு கையில் டிரில் பெட்டி, மறுகையில் இது. மாடிப்படி ஏறி மூன்றாம் தளத்து ஃப்ளாட்டுக்கு ஒரே நடையில் போய்விடலாம். இதன் முழுப் பலனும் இங்கேதான் இருக்கிறது. பெரிய உறிஞ்சி பலம் வாய்ந்ததுதான். ஆனால் நாலு துளைக்காக அதை இறக்கி ஏற்ற யாருக்கும் மனம் வராது. பக்கி (பிக்அப்) வண்டியின் பின்னாலேயே கிடக்கும். வேலை துடைப்பத்தோடு முடியும். துடைப்பம் பெருவெட்டான தூளைக் கூட்டும், நைசானதைக் காற்றில் ஏற்றிவிடும். நுரையீரலின் அடிவரை போகிற துகள்கள் சில மைக்ரான் அளவுதான். கண்ணுக்குத் தெரியாமல் அவை மணிக்கணக்கில் அறையில் மிதக்கும். நாம் வேலை முடிந்து போய்விடுவோம், அந்தக் காற்றை அன்று இரவு அந்த வீட்டுப் பிள்ளைகள் சுவாசிப்பார்கள்.

சாட்ஸ்வொர்த்தில் ஓர் அக்கா வீட்டில் சாமி விளக்குக்கு மேலே தட்டு அடிக்கப் போனபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தம்பி, படத்தையெல்லாம் இறக்க முடியாது, விளக்கையும் அணைக்க மாட்டேன். தூசி விழாம செய்ய முடியுமா?" "முடியும் அக்கா, விளக்கை மட்டும் ரெண்டு அடி தள்ளி வைங்க" என்றேன். துளை போடும் இடத்துக்குக் கீழே சுவரோடு ஒட்டும் உறிஞ்சல் கிண்ணத்தை வைத்துச் செய்தால் இது உண்மையிலேயே முடியும். வழவழப்பான பெயின்ட் சுவரில் கிண்ணம் தானாகவே பிடித்து நிற்கும். சொரசொரப்பான வெளிப்பூச்சில் நிற்காது. அங்கே கூட வந்த ஆள் குழாய் வாயைத் துளைக்கு நேர் கீழே, விரல் அகலத்தில் பிடிக்க வேண்டும். ஒரு கை தள்ளிப் பிடித்தால் பாதித் தூசி தப்பிவிடும். உறிஞ்சும் காற்று குழாய் வாயை விட்டு விலக விலக அவ்வளவு வேகமாகப் பலமிழக்கிறது.

அட்டையில் போட்டிருக்கும் எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். "நிமிடத்துக்கு 3000 லிட்டர்" என்று சின்ன இயந்திரத்திலும் போட்டிருக்கும். அது குழாய் இல்லாமல், மோட்டார் வாயில் அளந்தது. 27 மில்லி குழாயும் பையும் கருவியின் குறுகிய வாயும் சேர்ந்த பிறகு அதில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. நைசான தூசி குழாயில் படியாமல் போக நொடிக்கு 20 மீட்டர் காற்று வேகம் வேண்டும். 27 மில்லி குழாயில் அது நிமிடத்துக்கு 690 லிட்டர் அளவு. டிரில்லுக்கும் மரத்தைத் தேய்க்கும் கைச் சாண்டருக்கும் சின்ன உறிஞ்சி இதைத் தாண்டியே தரும். பெரிய இயந்திரத்தின் 36 மில்லி குழாய்க்குக் குறுக்குப் பரப்பு 1.8 மடங்கு. அதனால் சின்ன உறிஞ்சியில் பெரிய குழாயை மாட்டினால் வேகம் படுத்துவிடும், தூள் வழியிலேயே தங்கும். அதோடு வந்த குழாயையே வைத்திருங்கள். மெல்லிய பலகையைத் தேய்க்கும்போது உறிஞ்சலைக் குறைத்து வையுங்கள். முழு வேகத்தில் சாண்டர் மரத்தோடு ஒட்டிக்கொண்டு வட்ட வட்டமாகக் கீறல் போடும்.

எழுத்துகளைப் பார்த்து வாங்குங்கள்

உறிஞ்சியின் மேல் எல், எம், எச் என்று ஓர் எழுத்து இருக்கும். ஐரோப்பியத் தரத்தில் தூசியின் ஆபத்தை வைத்துப் பிரித்தவை இவை. ஒரு கன மீட்டர் காற்றில் 1 மில்லிகிராமுக்கு மேல் அனுமதிக்கப்படும் தூசிகளுக்கு எல். 0.1 மில்லிகிராம் வரை கட்டுப்பாடு உள்ளவற்றுக்கு எம். அதற்கும் கீழே கட்டுப்பாடு உள்ளவற்றுக்கு எச். எல் வகை நூற்றில் 1 பங்கு வரை தப்பவிடலாம், எம் ஆயிரத்தில் 1 பங்கு, எச் லட்சத்தில் 5 பங்குதான். எம் வகையில் இன்னொரு நன்மை: குழாயில் காற்று 20 மீட்டர் வேகத்துக்குக் கீழே போனால் அதுவே ஒலி எழுப்பிச் சொல்லும். சின்ன உறிஞ்சிகளில் பல எல் வகைதான். எம் வகையும் உண்டு. விலை கூடும்.

எது வேண்டும் என்பது நீங்கள் தொடும் பொருளைப் பொறுத்தது. மரத்தூசியை 1995-லும் படிகச் சிலிக்காவை 1997-லும் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் வரிசையில் வைத்தது. செங்கல், கான்கிரீட், மணல் பூச்சு எல்லாவற்றிலும் சிலிக்கா இருக்கிறது. கல்தூசி நுரையீரலை என்ன செய்யும் என்று தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தங்கச் சுரங்கத்தில் உழைத்துச் சிலிக்கோசிஸில் மூச்சுத் திணறிப்போனவர்களின் வழக்கில் ஜோஹானஸ்பர்க் உயர் நீதிமன்றம் 2019-ல் இழப்பீட்டு உடன்பாட்டை ஏற்றது. நாம் போடும் நாலு துளையும் சுரங்க வேலையும் ஒன்றல்ல. ஆனால் வாரம் முழுக்க வீடு வீடாகத் துளை போடும் ஒருவர், பக்கத்தில் குழாய் பிடிக்கும் இருபது வயதுப் பையன், இவர்கள் இருபது ஆண்டு இதே தொழிலில் இருக்கப்போகிறவர்கள். சுவரில் அடிக்கடி வேலை உள்ளவர் எம் வகைக்குக் காசு போடுவதே நியாயம். எப்போதாவது கதவு தேய்ப்பவருக்கு எல் வகையும் முகக்கவசமும் போதும்.

இரண்டு பொருள்கள் இந்த ஒப்பீட்டுக்கே வெளியே நிற்கின்றன. ஒன்று ஆஸ்பெஸ்டாஸ். இந்த நாட்டில் அது 2008-ல் தடை செய்யப்பட்டது. அதற்கு முன் கட்டிய கவுன்சில் வீடுகளின் கூரையிலும், சீலிங் பலகையிலும், மழைநீர்க் குழாயிலும் இன்றும் இருக்கிறது. பழைய வீட்டில் சாம்பல் நிறத்தில், கல்லைப் போல் இறுகிய பலகையைப் பார்த்தால் டிரில்லைக் கீழே வையுங்கள். ஃபேன் மாட்டவோ விளக்கு மாட்டவோ அதில் துளை போட எந்தச் சின்ன உறிஞ்சியும் துணைக்கு வராது. அதை உறிஞ்சிய இயந்திரம் அடுத்த வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் நாரிழைகளைக் கொண்டுபோகும். அந்த வேலைக்குப் பதிவு பெற்றவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்காரரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். இன்னொன்று பழைய பெயின்ட். ஈயத்துக்கு இங்கே 2009-ல்தான் சட்டத்தில் வரம்பு வந்தது. தாத்தா காலத்துக் கதவில் அடுக்கடுக்காக இருக்கும் மஞ்சள், பச்சை, சிவப்புப் பூச்சைக் காய்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. தண்ணீர் போட்டு நனைத்துத் தேய்த்து, சேற்றைத் துணியில் துடைத்து எடுங்கள்.

பேட்டரியில் ஓடுவது

லோட்ஷெடிங் என்ற மின்வெட்டு கடுமையாக இருந்த 2023-ல் பேட்டரி உறிஞ்சி மேல் எல்லாருக்கும் ஆசை வந்தது. கரண்டு இல்லாத வீட்டில் வேலை நிற்காது, கம்பி காலில் மாட்டாது, ஏணி மேலிருந்தும் வேலை செய்யலாம். ஆசையில் தவறில்லை. கணக்கைப் பார்ப்போம். 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணிப் பேட்டரி இரண்டு போட்டால் மொத்தம் 180 வாட்-மணி. இயந்திரம் 500 வாட் இழுத்தால் இருபது நிமிடச் சொச்சம். துளை போடுபவருக்கு இருபது நிமிடம் ஒரு நாளைக்குப் போதும். டிரில் ஓடும் நொடிகளில் மட்டும்தானே உறிஞ்சி ஓட வேண்டும்? கதவு தேய்ப்பவருக்கு ஒரு பக்கம் முடிவதற்குள் பேட்டரி இறங்கிவிடும். உறிஞ்சும் பலமும் கம்பியில் ஓடுவதில் பாதியளவுதான் என்று வைத்துக்கொண்டு வாங்குங்கள். ஏற்கெனவே அதே கம்பெனியின் பேட்டரிக் கருவிகளை வைத்திருப்பவர், மின்வேலை, பைப் வேலை என்று துளை மட்டும் போடுபவர், இவர்களுக்கு இது நல்ல தேர்வு. புதிதாகப் பேட்டரியும் சார்ஜரும் சேர்த்து வாங்குகிறவருக்கு விலை எகிறிவிடும். ஜனவரி வெயிலில் பூட்டிய வண்டிக்குள் பேட்டரியை விட்டு வைத்தால் அதன் ஆயுளும் குறையும்.

கம்பியில் ஓடுவதில் கருவியைச் சொருகும் பிளக் இருந்தால் அதையே எடுங்கள். டிரில்லையோ சாண்டரையோ அழுத்தியதும் உறிஞ்சியும் தானாக எழும். நிறுத்திய பிறகும் சில நொடி ஓடிக் குழாயில் இருப்பதை இழுத்துக்கொள்ளும். கையால் போட்டு அணைக்க வேண்டிய உறிஞ்சியை மூன்றாவது துளையிலேயே மறந்துவிடுவோம்.

வாளிச் சுழல்

கராஜில் வேலை செய்பவருக்கு இதைப் போல் சிக்கனம் வேறில்லை. சாதாரண ஈரம்-உலர் வேக்யூம் ஒன்று, கூம்பு வடிவச் சுழல் பிரிப்பான் ஒன்று, மூடியுள்ள 20 லிட்டர் பெயின்ட் வாளி. காற்று கூம்புக்குள் சுற்றும்போது கனமான தூள் ஓரத்தில் ஒதுங்கி, தயிர் கடையும்போது வெண்ணெய் பிரிவதைப் போலத் தனியாகி, வாளியில் விழுகிறது. மிச்சம் மட்டும் வேக்யூமுக்குப் போகிறது. பலகை அறுப்பு, ரூட்டர் வேலை எதற்கும் பை வாங்க வேண்டாம். வாளி நிறைந்தால் கொட்டிவிடலாம்.

ஆனால் நைசான தூசியில் ஒரு பங்கு சுழலைத் தாண்டி வேக்யூமுக்குப் போகத்தான் செய்யும். அதனால் வேக்யூமுக்குள் காகித மடிப்பு வடிகட்டி போதாது, நைசான ரகம் வேண்டும், முடிந்தால் அதற்கு முன் ஒரு பையும் போடுங்கள். மெல்லிய வாளியாக இருந்தால், குழாய் வாய் அடைபடும்போது அது உள்ளே நசுங்கும். இரண்டு வாளியை ஒன்றுக்குள் ஒன்று போட்டால் நிற்கும். நிலை மின்சாரம் கையைச் சுண்டும். கடற்கரை ஈரத்தில் டர்பனில் இது குறைவு, ஜோஹானஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் காய்ந்த குளிர்காலத்தில் நன்றாகவே உறைக்கும். இதையெல்லாம் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது, இதை இன்னொருவர் வீட்டுக்குத் தூக்கிப்போவது. வாளி, வேக்யூம், இரண்டு குழாய். நடையில் இடித்து, சுவரில் கோடு போட்டு, படியில் கவிழும்.

சக்கரம் வைத்த பெரிய உறிஞ்சி, புது வீடுகளில் வாரக்கணக்கில் வேலை எடுப்பவருக்கு. 25, 35 லிட்டர் கொள்ளும், எம், எச் வகைகளில் கிடைக்கும், வடிகட்டியைத் தானே உதறிக்கொள்ளும் ரகமும் உண்டு. ரைனோலைட் தேய்ப்பவருக்கு இது இல்லாமல் ஆகாது. அரை நாள் வேலைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வீடு கூட்டும் வேக்யூமைக் கொண்டு சமாளிப்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். அவற்றில் பலவற்றில் உறிஞ்சும் காற்றுதான் மோட்டாரையும் குளிர்விக்கிறது. சிமென்ட் தூசி வடிகட்டியை அடைத்ததும் மோட்டார் வெந்துபோகும். அதுவரைக்கும் நைசான தூசியைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிக்கொண்டிருக்கும்.

எந்த உறிஞ்சி இருந்தாலும் எஃப்.எஃப்.பி.2 முகக்கவசத்தை விடக் கூடாது. இங்கே நம்மவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். காவடி விரதத்தில் சவரம் செய்யாமல் இருப்பவருக்குத் தாடி வளர வளர முகக்கவசம் தோலோடு ஒட்டாது, ஓரம் வழியாகத் தூசி நேராக உள்ளே போகும். அந்த நாட்களில் கல்தூசி வேலையைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். முடியாவிட்டால் குழாய் வாயைத் துளையிலிருந்து விரலளவுகூட விலக்காதீர்கள்.

பைச் செலவு பலர் கணக்கில் வராத ஒன்று. சின்ன உறிஞ்சியின் பைகள் சின்னவை என்பதால் மலிவாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். லிட்டர் கணக்கில் பார்த்தால் பெரிய பையைவிட விலை கூடும். சிக்கனம் பிடித்துப் பையைக் கொட்டித் திரும்ப மாட்டினால் அதன் துவாரங்கள் அடைந்திருப்பதால் உறிஞ்சல் திரும்பாது. கொட்டும்போது அத்தனை தூசியும் உங்கள் முகத்துக்கே வரும். வாயை மூடிக் குப்பைப் பையில் கட்டிப் போடுங்கள். பச்சை நிறம் ஊறிய, பூச்சி மருந்து ஏற்றிய பைன் மரத்தின் தூளில் ஆர்சனிக் இருக்கக்கூடும். அது தோட்டத்துக்கும் ஆகாது, இறைச்சி சுடும் அடுப்புக்கும் ஆகாது. டர்பன் ஈரத்தில் பாதி நிறைந்த பையை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டால் பூஞ்சை பிடிக்கும். வேலை இல்லாத வாரங்களில் கழற்றிவிடுங்கள்.

வாங்கும் முன் கடையில் பையின் விலையையும், அது எப்போதும் இருப்பில் இருக்குமா என்பதையும் கேளுங்கள். பழைய உறிஞ்சியை யாராவது விற்றால் மோட்டார் சத்தத்தை மட்டும் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். வடிகட்டியைக் கழற்றி, அதன் மறுபக்கத்தில், மோட்டாரைப் பார்த்த பக்கத்தில், வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் படிந்தால் வடிகட்டி கிழிந்தோ ரப்பர் ஓரம் விட்டோ தூசி நெடுநாளாக உள்ளே போயிருக்கிறது. விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிட்டு வாருங்கள்.